கிளெரிடே வண்டுகளில் புதுப் பேரினம்: சந்தேகத்திலிருந்து அச்சு வரை

கருவாட்டுக் கிடங்கிலும் கொப்பரை மூட்டையிலும் ஓடித் திரியும், நீலப்பச்சையாக மினுங்கும் சிவப்புக் கால் வண்டைப் பலரும் பார்த்திருப்பார்கள். அது நெக்ரோபியா ரூஃபிப்பெஸ், கிளெரிடே குடும்பத்தைச் சேர்ந்தது. ஏறக்குறைய 3,500 சிற்றினங்கள் உள்ள இந்தக் குடும்பத்தில் பெரும்பாலானவை வேட்டையாடிகள். மரப்பட்டைக்கு அடியிலும் உளுத்த கட்டையிலும் துளைப்பான் வண்டுகளையும் அவற்றின் புழுக்களையும் தின்று வாழ்கின்றன. உடம்பெல்லாம் மயிர், முன்னிறக்கையில் சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்று பட்டைகளும் திட்டுகளும்.

இந்தக் குடும்பத்தில் எந்தத் திறவுகோலிலும் (படிப்படியாகப் பண்புகளைக் கேட்டு இனம் கண்டறியும் அட்டவணை) அடங்காத ஒரு வண்டு கையில் வந்தால் என்ன செய்வது என்பதுதான் இந்த வழிகாட்டி. முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடலாம். புதுப் பேரினம் நிறுவுவதில் உழைப்பின் பெரும்பங்கு உங்கள் வண்டைப் பார்ப்பதில் போவதில்லை. ஏற்கெனவே உள்ள பேரினங்களின் டைப் சிற்றினங்களை, அதாவது அந்தப் பேரினப் பெயர்கள் கட்டப்பட்டிருக்கும் சிற்றினங்களை, தேடிப் பார்ப்பதில்தான் போகிறது.

1. திறவுகோல் ஏன் ஓடவில்லை?

திறவுகோல் பாதியில் நின்றால் புதுமையைச் சந்தேகிக்கும் முன் மூன்று காரணங்களைச் சரிபாருங்கள்.

முதலாவது, அந்தத் திறவுகோல் எந்த நிலப்பரப்புக்கு எழுதப்பட்டது என்பது. ஐரோப்பாவுக்கோ வட அமெரிக்காவுக்கோ எழுதியதைத் தென்னாசிய வண்டில் ஓட்டினால் நிற்கத்தான் செய்யும். அதோடு, இந்தக் குடும்பத்தின் பல சிற்றினங்கள் மரச்சாமான்களோடும் உலர் சரக்கோடும் கடல் கடந்து பரவியவை. டார்சோஸ்டெனஸ் யூனிவிட்டேட்டஸ் அப்படி உலகம் முழுக்கப் பரவிய ஒன்று. துறைமுகப் பகுதியில் கிடைத்த வண்டை வேறு கண்டங்களின் பட்டியலிலும் தேட வேண்டும்.

இரண்டாவது, ஆண் பெண் வேறுபாடு. டில்லஸ் எலாங்கேட்டஸில் பெண்ணுக்கு முன்மார்பு சிவப்பு, ஆணுக்குக் கறுப்பு. கிளாடிஸ்கஸ் ஆண்களின் உணர்கொம்பு சீப்புப் பல் போல நீண்டு கிளைத்திருக்கும். ஒரு பாலை மட்டும் வைத்து எழுதிய திறவுகோலில் மறு பால் வழி தவறிப் போகும்.

மூன்றாவதுதான் அடிக்கடி நடப்பது. பாதக்கணுக்களைத் தவறாக எண்ணிவிடுவார்கள். கிளெரிடேயில் எல்லாக் கால்களிலும் பாதக்கணு ஐந்து. ஆனால் கிளெரினே துணைக்குடும்பத்தில் பலவற்றுக்கு முதல் கணு குட்டையாக, இரண்டாவதன் அடியில் பதுங்கியிருக்கும். மேலிருந்து பார்த்தால் நான்குதான் தெரியும். கோரினெட்டினேயில் நான்காவது கணு மிகச் சிறியது, மூன்றாவதன் மடல்களுக்கு நடுவே மறைந்துவிடும். அங்கேயும் நான்குதான் தெரியும். இரண்டு ‘நான்கும்’ ஒன்றல்ல. காலைப் பக்கவாட்டிலும் அடியிலும் திருப்பி, குறைந்தது 40 மடங்கு உருப்பெருக்கத்தில் எண்ணுங்கள். எந்தக் கணுவின் அடியில் சவ்வு மடல் இருக்கிறது என்பதையும் அப்போதே குறித்துக்கொள்ளுங்கள். அட்டையில் ஒட்டிய மாதிரியில் பாதம் பசையில் புதைந்திருந்தால் வெந்நீரில் ஊறவைத்துக் கழற்றி எடுத்துத்தான் பார்க்க வேண்டும், ஊகிக்கக் கூடாது.

2. துணைக்குடும்பத்தில் பொருத்துதல்

துணைக்குடும்பங்கள் எத்தனை என்பதில் ஆசிரியர்களுக்குள் ஒற்றுமை இல்லை. டில்லினே, ஹைட்னோசெரினே, கிளெரினே, கோரினெட்டினே என்ற பெரிய பிரிவுகளில் தகராறு குறைவு. ஆனால் கோரினெட்டினேயை ஒரே பெரிய கூட்டமாக வைப்பவர்களும் உண்டு, அதை எனோப்ளினே, பெலோனினே, எபிஃப்ளோயினே என்று பிரிப்பவர்களும் உண்டு. எபிகிளினினே என்ற துணைக்குடும்பம் 2013-ல் வந்த மூலக்கூறு ஆய்வில்தான் நிறுவப்பட்டது. தானெரோகிளெரினேயைச் சிலர் தனிக் குடும்பமாகவே எடுத்துவிட்டார்கள். எந்த வகைப்பாட்டைப் பின்பற்றுகிறீர்கள் என்பதைக் கட்டுரையின் தொடக்கத்திலேயே எழுதுங்கள். இல்லையென்றால் உங்கள் ஒப்பீட்டுப் பட்டியல் முழுமையானதா என்று யாராலும் சொல்ல முடியாது.

பொருத்துவதற்குப் பார்க்க வேண்டியவை: பாதக்கணு அமைப்பு, முன் இடுப்புக் குழி (முன்காலின் அடி பொருந்தும் குழி) பின்புறம் திறந்ததா மூடியதா, முன்மார்பின் பக்கத்தில் விளிம்புக்கோடு உண்டா, கண்ணின் சிறுகண்கள் பொடியா பெரிதா, கண்ணில் வெட்டு இருந்தால் எந்தப் பக்கம், உணர்கொம்பின் கணு எண்ணிக்கை, அதன் குண்டாந்தடி (நுனியில் தடித்த பகுதி) எத்தனை கணுவால் ஆனது. நிறத்தை இந்த இடத்தில் அறவே நம்பாதீர்கள். இந்தக் குடும்பம் வேடம் போடுவதில் தேர்ந்தது. எறும்பு போலவும், சிறகில்லாத வெல்வெட் குளவி போலவும், லைசிடே வண்டு போலவும் தோன்றும் கிளெரிடே பல கிளைகளில் தனித்தனியாகத் தோன்றியிருக்கின்றன. டெனெரஸின் ஆரஞ்சு–கறுப்பு நிறம் லைசிடேயைப் பார்த்து வந்தது. அந்த நிற ஒற்றுமையை வைத்து இரண்டு வண்டுகளை உறவாக்குவது வேட்டிக் கரையைப் பார்த்து அண்ணன் தம்பி என்பது போலத்தான்.

3. மாதிரியைத் தயாரித்தல்

சேகரிக்கும்போதே இரண்டு வழியாகப் பிரித்துவிடுங்கள். சில மாதிரிகள் ஊசியிலும் அட்டையிலும் போகட்டும். குறைந்தது இரண்டு, முடிந்தால் ஆணும் பெண்ணும், 96 சதவீத எத்தனாலில் போட்டு உறைகுளிரில் இருக்கட்டும். எத்தில் அசிடேட்டில் கொன்ற வண்டில் டிஎன்ஏ சிதைந்துபோகும் வாய்ப்பு அதிகம். துளைப்பான் விழுந்த கட்டையைக் கூண்டில் வைத்து வளர்த்தெடுப்பதுதான் சிறந்த வழி. வண்டோடு அதன் இரையும் மரமும் தெரியவரும், சில நேரம் புழுவும் கிடைக்கும்.

கருவி வேலையில் கவனம் முழுக்கப் பிறப்புறுப்புப் பிரிப்பில்தான் வேண்டும். வயிற்றைக் கழற்றுவதற்கு முன்பே கடைசி வயிற்றுத்தகட்டையும் பைஜிடியத்தையும் (வயிற்றின் மேற்புறக் கடைசித் தகடு) படமெடுத்து விவரித்துவிடுங்கள். ஆண்களில் இவற்றின் விளிம்பும் வெட்டும் முக்கியமான பண்புகள், காரத்தில் போட்டபின் உரு மாறிவிடும். பிறகு:

ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் சோப்பு விட்ட வெந்நீரில் (கொதிநீர் அல்ல) 10 முதல் 30 நிமிடம் ஊறவிடுங்கள். மூட்டுகள் இளகியதும் பின் இடுப்புக்கும் முதல் வயிற்றுத்தகட்டுக்கும் இடையே நுண் இடுக்கியின் முனையைச் செருகி, பக்கவாட்டில் மெல்ல அசைத்து வயிற்றை முழுதாகக் கழற்றுங்கள். மேல்நோக்கி இழுத்தால் முன்னிறக்கை பிய்ந்து வரும். உடல் ஓடு மெலிந்த வண்டுகளில் இது சுலபமாக நடந்துவிடும்.

100 மில்லி தண்ணீரில் 10 கிராம் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைத்த காரத்தில் வயிற்றை அறை வெப்பத்தில் ஓரிரவு வையுங்கள், அல்லது வெந்நீர்த் தொட்டியில் 10–20 நிமிடம். தண்ணீரில்தான் காரத்தைப் போட வேண்டும், காரத்தின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எட்டிப் பாருங்கள். தசை கரைந்து, பழுப்புத் தகடு பழுப்பாகவே இருக்கும் நிலையில் எடுத்துவிட வேண்டும். தாண்டிவிட்டால் டெக்மனின் (ஆண் பிறப்புறுப்பின் உறைத் தகடு) ஓரங்கள் கண்ணாடியாகிவிடும், எது சவ்வு எது தகடு என்று பிரித்துச் சொல்ல முடியாது. தண்ணீரில் இரண்டு முறை அலசி, அசிட்டிக் அமிலம் இரண்டு சொட்டு விட்ட நீரில் ஒரு முறை அலசி, கிளிசராலுக்கு மாற்றுங்கள். பெண்ணின் ஸ்பெர்மதீக்காவும் (விந்து சேமிக்கும் பை) புணர்ச்சிப் பையும் நிறமற்றவை. குளோரசால் பிளாக் சாயத்தை மிக நீர்த்ததாகச் சில நொடிகள் விட்டால் எழும்பி வரும்.

ஈடியகஸை (ஆண் பிறப்புறுப்பு) மேல், கீழ், பக்கம் மூன்று கோணத்திலும் கிளிசராலில் மிதக்கவிட்டே வரையுங்கள். மேலே கண்ணாடித் தகடு வைத்து அழுத்தினால் பாராமியர்கள் (அதன் பக்க மடல்கள்) விரிந்துபோகும். ‘பாராமியர் அகன்று பிரிந்தது’ என்று எழுதப்பட்ட பண்பு வெறும் அழுத்தத்தின் விளைவாகவும் இருக்கலாம். பிரித்த உறுப்பைக் கிளிசரால் உள்ள நுண்குப்பியில் இட்டு அதே ஊசியில் வண்டுக்குக் கீழே குத்திவிடுங்கள். தனிப் பெட்டியில் வைத்தால் என்றாவது ஒரு நாள் மாறிப்போகும்.

ஒரு பின்னிறக்கையையும் விரித்துப் பாருங்கள். நரம்புகளுக்கு நடுவே உள்ள ஆப்பு வடிவ அறை மூடியதா திறந்ததா என்பது கிளெரிடே வகைப்பாட்டில் நீண்ட காலமாகப் பயன்படும் பண்பு.

டிஎன்ஏ வேண்டுமென்றால் வயிற்றைக் காரத்தில் போடுவதற்கு முன், புரோட்டினேஸ் கே கலந்த கரைசலில் 56 டிகிரியில் ஓரிரவு வையுங்கள். டிஎன்ஏ கரைசலுக்குள் வந்துவிடும், தகடுகள் சேதமில்லாமல் நிற்கும், பாதித் தசையும் கரைந்திருக்கும்.

4. பண்புகளை அளத்தலும் எழுதுதலும்

கிளெரிடேயின் தலை கீழ்நோக்கிக் கவிழ்ந்திருக்கும். அதனால் ‘உடல் நீளம்’ என்று ஒற்றை எண் கொடுத்தால் அது எந்தக் கோணத்தில் அளந்தது என்பது தெரியாது. முன்மார்பு நீளம், முன்னிறக்கை நீளம் இரண்டையும் தனித்தனியாக அளந்து, விகிதங்களாகக் கொடுங்கள்: முன்மார்பின் நீளம்/அகலம், முன்னிறக்கையின் நீளம்/தோள் அகலம், கண்ணின் அகலம்/கண்களுக்கு இடைப்பட்ட தூரம். நுண்ணோக்கியின் அளவுகோலை ஒவ்வொரு உருப்பெருக்கத்துக்கும் தனியாகச் சரிபார்க்க வேண்டும்.

பேரின மட்டத்தில் எடை உள்ளவை என்று நம்பத்தக்கவை: தாடை பால்ப், கீழுதட்டுப் பால்ப் என்ற வாயருகே உள்ள உணர் உறுப்புகள் இரண்டின் கடைசிக் கணு வடிவம் (ஒபிலோவில் இரண்டுமே கோடரி போல விரிந்தவை, தனாசிமஸில் கீழுதட்டுப் பால்ப் மட்டும் அப்படி), கால் முள் சூத்திரம் (முன், நடு, பின் கால்களில் எத்தனை முள் என்ற எண்ணிக்கை), நகத்தின் அடியில் பல் உண்டா, முன்னிறக்கைக் குழிகள் வரிசையாகவா சிதறியா, டெக்மனின் அமைப்பு, ஸ்பெர்மதீக்கா. உடலில் செதில் இருப்பதும் பார்க்க வேண்டியதே. காலிமெரஸில் வெள்ளைத் திட்டாகத் தெரிவது நிறமி அல்ல, அடுக்கிய செதில். நிறம், உடல் அளவு, குழிகளின் ஆழம் ஆகியவை சிற்றின மட்டத்துக்கு உதவும். பேரினத்துக்குச் சாட்சியாக இவற்றை நிறுத்தக் கூடாது.

ஒவ்வொரு பண்பையும் ‘பெரிது’, ‘ஓரளவு நீண்டது’ என்று எழுதாமல் எதனோடு ஒப்பிட்டு என்று எழுதுங்கள். ‘உணர்கொம்பின் கடைசிக் கணு, 9-ம் 10-ம் சேர்ந்த நீளத்துக்குச் சமம்’ என்பதை இன்னொருவர் சரிபார்க்க முடியும்.

5. டைப் சிற்றினங்களைத் தேடிப் போதல்

பெரும்பாலான தவறுகள் இங்கேதான் நடக்கின்றன, அதனால் நிறுத்தி நிதானமாக.

பேரினப் பெயர் ஒரு கூட்டத்தின் மேல் ஒட்டிய பெயர் அல்ல. அது ஒரே ஒரு சிற்றினத்தோடு, அதன் டைப் சிற்றினத்தோடு கட்டப்பட்டது. ஸ்டிக்மேட்டியம் என்ற பேரினத்திலிருந்து உங்கள் வண்டு வேறு என்று சொல்ல வேண்டுமென்றால், அலமாரியில் ‘ஸ்டிக்மேட்டியம்’ என்று சீட்டு ஒட்டிய ஏதோ ஒன்றோடு ஒப்பிட்டால் போதாது. அதன் டைப் சிற்றினத்தோடு ஒப்பிட வேண்டும். சீட்டு ஒட்டிய வண்டே தவறான பேரினத்தில் இருக்கலாம்.

இதில் இரண்டு பொறிகள். ஒன்று: நீங்கள் ‘புதுக் கூட்டம்’ என்று பிரிக்கும் பக்கத்திலேயே பழைய பேரினத்தின் டைப் சிற்றினம் இருந்துவிட்டால், பழைய பெயர் உங்கள் கூட்டத்துக்கே சொந்தம். புதுப்பெயர் தேவைப்படுவது மிச்சமிருப்பவற்றுக்கு. இரண்டு: பக்கத்துப் பேரினத்தின் இணைப்பெயர்ப் (அதே கூட்டத்துக்கு வைத்த வேறு பெயர்) பட்டியலில் நூறு வருடமாகத் தூங்கும் ஒரு பெயரின் டைப் சிற்றினம் உங்கள் கூட்டத்தில் விழலாம். அப்போது செய்ய வேண்டியது புதுப் பேரினம் நிறுவுவது அல்ல, அந்தப் பெயரை மீட்டு உயிர்ப்பிப்பது. ஒவ்வொரு பக்கத்துப் பேரினத்துக்கும் அதன் இணைப்பெயர்கள் அனைத்தின் டைப் சிற்றினங்களையும் அட்டவணையாகப் போட்டுவைத்தால் இரண்டிலிருந்தும் தப்பலாம்.

எங்கே தொடங்குவது? கோர்ப்போராலின் 1950 கிளெரிடே பட்டியல் முதல் படி. அதற்கு முந்தையவற்றில் ஸ்பினோலாவின் 1844 நூல் தவிர்க்க முடியாதது. பழைய நூல்கள் பெரும்பாலும் பயோடைவர்சிட்டி ஹெரிடேஜ் லைப்ரரியில் இலவசமாகக் கிடைக்கும். டைப் மாதிரிகள் ஐரோப்பிய அருங்காட்சியகங்களில் சிதறிக் கிடக்கின்றன. லண்டன், பாரிஸ், டூரின், லைடன் ஆகிய நான்கிலும் விசாரிக்க வேண்டிவரும். நேரில் போக முடியாவிட்டால், இன்ன கோணம், இன்ன உறுப்பு என்று குறிப்பிட்டுப் படம் கேளுங்கள். ‘ஒரு படம் அனுப்புங்கள்’ என்று கேட்டால் மேலிருந்து எடுத்த ஒரு படம்தான் வரும், அதில் பாதக்கணுவும் தெரியாது, முன் இடுப்புக் குழியும் தெரியாது.

6. பேரினமா, இல்லையா?

பண்பு அட்டவணை ஒன்றைக் கட்டுங்கள். பக்கத்துப் பேரினங்கள் ஒவ்வொன்றின் டைப் சிற்றினமும் அதில் இருக்க வேண்டும். கூட இரண்டு மூன்று சிற்றினங்களும், வெளிக்கூட்டமாக வேறு துணைக்குடும்பத்திலிருந்து சிலவும் வேண்டும். மெஸ்கைட் மென்பொருளில் அட்டவணை, டிஎன்டி மென்பொருளில் சிக்கன மரம் (மிகக் குறைந்த மாற்றங்களில் உறவைக் காட்டும் கிளைப்படம்) என்பது வழக்கமான பாதை. டிஎன்ஏ இருந்தால் ஐக்யூ–ட்ரீ மென்பொருள். 658 எழுத்து நீளமுள்ள சிஓ1 பார்கோடு (இழைமணி மரபணுவின் ஒரு துண்டு) சிற்றினங்களைப் பிரிக்க நல்லது. பேரின ஆழத்தில் ஒரே இடத்தில் மாற்றங்கள் திரும்பத் திரும்ப நிகழ்ந்து அது தெவிட்டிவிடுவதால் உறவைச் சொல்ல அதை மட்டும் நம்ப முடியாது. 28எஸ் போன்ற உட்கரு மரபணு ஒன்றாவது கூட வேண்டும்.

மரம் வந்ததும் கேட்க வேண்டிய கேள்வி ‘என் வண்டு தனிக் கிளையா?’ என்பது மட்டுமல்ல. ‘அதை எடுத்தபின் மிச்சமுள்ள பேரினம் ஒரே கிளையாக நிற்கிறதா?’ என்பதும்தான். ஒரு பேரினத்தின் நடுக்கிளையில் உட்கார்ந்திருக்கும் விநோத வண்டைத் தனிப் பேரினமாக்கினால் பழைய பேரினம் உடைந்துபோகும். அப்படியானால் பழைய பேரினத்தின் வரையறையை விரிவாக்கி, வண்டை அதற்குள் புதுச் சிற்றினமாக வைப்பதே சரி. ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு மூன்று பண்புகளாவது, அதிலும் இரு பாலிலும் தெரிபவை, தனிக்கிளையைத் தாங்க வேண்டும் என்பது எங்கள் அளவுகோல். ஒற்றைச் சிற்றினப் பேரினம் தவறல்ல. ஆனால் ஒரே ஒரு ஆண் மாதிரியின் உணர்கொம்பை மட்டும் வைத்து நிறுவிய பேரினம் அதிக நாள் நிற்பதில்லை.

7. பெயரும் சட்டமும்

விலங்குப் பெயரிடல் விதித்தொகுப்பின் நான்காம் பதிப்பு 1-1-2000 முதல் நடப்பில் உள்ளது. பேரினப் பெயர் செல்லுபடியாக அது கேட்பவை சில. ஒன்று விடுபட்டாலும் பெயர் பிறக்கவே இல்லை என்று ஆகும்.

டைப் சிற்றினத்தைக் கட்டுரையிலேயே அறுதியிட வேண்டும். 1930-க்குப் பின் வந்த பெயர்களுக்கு இது கட்டாயம் (பிரிவு 13.3). சேர்த்த சிற்றினம் ஒன்றே என்றாலும் ‘டைப் சிற்றினம்: இன்னது, இங்கே குறிக்கப்படுகிறது’ என்று வெளிப்படையாக எழுதிவிடுங்கள். வேறுபடுத்திக் காட்டும் விவரிப்பு வேண்டும் (13.1). புதியது என்று சொல்ல வேண்டும் (16.1), ‘ஜீனஸ் நோவம்’ என்ற வழக்கமான குறிப்பு போதும். ‘தனிப் பேரினமாக இருந்தால் இப்பெயரை முன்மொழிகிறோம்’ என்ற நிபந்தனைப் பெயர் 1960-க்குப் பின் செல்லாது (15.1). புதுச் சிற்றினத்துக்கு ஹோலோடைப் (பெயரைத் தாங்கும் ஒற்றை மாதிரி) எது, அது எந்தச் சேகரிப்பில் உள்ளது என்று இரண்டையும் எழுத வேண்டும் (16.4).

பெயரைத் தேர்ந்ததும் நோமென்க்ளேட்டர் ஜூலாஜிகஸ், ஐஆர்எம்என்ஜி, ஜூபேங்க் என்ற பெயர்ப் பதிவேடுகள் மூன்றிலும் தேடுங்கள். வண்டுகளில் மட்டும் தேடினால் போதாது. மீனிலோ நத்தையிலோ அதே பெயர் இருந்தாலும் செல்லாது. தாவரத்தில் இருந்தால் தடையில்லை. ஓரெழுத்து வேறுபட்டாலே பேரினப் பெயர்கள் வெவ்வேறானவை (56.2). ஆனாலும் அப்படி உரசிக்கொண்டு நிற்கும் பெயரை வைக்காமல் இருப்பது பின்னால் வருகிறவர்களுக்குச் செய்யும் உதவி.

பெயரின் இலக்கணப் பாலைக் குறிப்பிடுங்கள். ‘–கிளெரஸ்’ என்று முடிந்தால் ஆண்பால், ‘–சோமா’ என்றால் அஃறிணைப்பால். பழைய சிற்றினங்களைப் புதுப் பேரினத்துக்கு மாற்றும்போது உரிச்சொல்லான பெயர்களின் ஈறு மாறும், முதல் ஆசிரியர் பெயர் அடைப்புக்குறிக்குள் போகும். லின்னேயஸ் டெர்மெஸ்டெஸ் வயலேசியஸ் என்று வைத்தது இன்று நெக்ரோபியா வயலேசியா (லின்னேயஸ், 1758) என்று நிற்பது இந்த இரண்டு விதிகளாலும்தான்.

8. கட்டுரையும் வைப்பும்

பேரினப் பகுதியில் வேறுபாட்டுக் குறிப்பை விவரிப்புக்கு முன்னால் வையுங்கள். அது விவரிப்பின் சுருக்கம் அல்ல. ‘இன்ன பேரினத்திலிருந்து இன்ன பண்பால் வேறு, அதில் இப்படி, இதில் இப்படி’ என்று ஒவ்வொரு பக்கத்துப் பேரினத்துக்கும் தனி வாக்கியம் வேண்டும். பிறகு விவரிப்பு, பெயர்க் காரணம், சேர்க்கும் சிற்றினங்கள், பரவல், திருத்திய திறவுகோல். பேரினப் பண்பையும் சிற்றினப் பண்பையும் ஒரே பத்தியில் கலந்தால், இரண்டாவது சிற்றினம் கிடைக்கும் அன்று எதை எதற்கு விட்டுக்கொடுப்பது என்று யாருக்கும் தெரியாது.

படங்களை அடுக்கு முறையில் (வெவ்வேறு குவியத்தில் எடுத்தவற்றை ஒரே படமாக்குவது) எடுங்கள். மினுங்கும் உடலுக்கு நேர் விளக்கு கூடாது, பால் நிறத் தாள் உருளை வழியே ஒளி வரட்டும். ஒவ்வொரு படத்திலும் அளவுக்கோடு வேண்டும்.

மாதிரி இந்தியாவில் எடுத்தது என்றால், 2002-ம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டத்தின் 39-ம் பிரிவுப்படி புது வகையனை (பேரினம், சிற்றினம் போன்ற வகைப்பாட்டு அலகு) தெரிவித்து, சான்று மாதிரியை அங்கீகரிக்கப்பட்ட களஞ்சியத்தில் வைக்க வேண்டும். விலங்குகளுக்கான அத்தகைய களஞ்சியங்களில் ஒன்று இந்திய விலங்கியல் ஆய்வகம். காட்டில் சேகரிக்க வனத்துறை அனுமதியும் தேவை. அதன் விவரத்தைக் கட்டுரையிலேயே குறிப்பிடுங்கள்.

மின்னிதழில் வெளியிடுவதானால், வெளியாகும் முன் கட்டுரையை ஜூபேங்கில் பதிய வேண்டும், பதிவின் சான்று கட்டுரைக்குள்ளேயே அச்சாக வேண்டும், வெளியீட்டுத் தேதியும் அதில் இருக்க வேண்டும் (8.5). பதிவில் காப்பகத்தின் பெயரும் இதழின் ஐஎஸ்எஸ்என் எண்ணும் நிரப்பப்பட்டிருக்கிறதா என்று நீங்களே திறந்து பாருங்கள், இதழ்க்காரர்கள் விட்டுவிடுவதுண்டு.

அச்சுப்படி வந்ததும் புதுப் பெயரை ஓர் எழுத்து விடாமல் தேடுங்கள்: தலைப்பு, சுருக்கம், திறவுகோல், பட விளக்கம், ஜூபேங்க் பதிவு. ஒரே கட்டுரையில் இரண்டு எழுத்துக்கூட்டு அச்சேறிவிட்டால் எது சரி என்பதை முதலில் திருத்தித் தேர்பவர் முடிவு செய்வார், அவர் உங்கள் விருப்பத்தைக் கேட்க வேண்டியதில்லை. எல்லா இடத்திலும் ஒரே மாதிரித் தவறாக அச்சாகி, அது தவறு என்பதற்குக் கட்டுரைக்குள்ளேயே ஆதாரம் இல்லையென்றால், அந்தத் தவறான எழுத்துக்கூட்டுதான் பேரினத்தின் பெயர்.